அடையாறு தோட்டத்தைக் காத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடையாறு பிரம்மஞான சபையைப் (தியோசாபிகல் சொசைட்டி) பற்றிப் பேச்சு வந்தாலே அது அங்குள்ள தோட்டத்தின் பெரிய ஆலமரத்தில்தான் போய் நிற்கிறது. அந்தத் தோட்டத்தைத் தலைமையேற்று நடத்தியவர்களை அதிகம் பேர் நினைப்பதில்லை. 1882-ல், சபையை நிறுவியவர்களில் ஒருவரும் முதல் தலைவருமான கர்னல் ஆல்காட் காலத்தில் வாங்கியது 27 ஏக்கர்தான். 1907-ல் தலைவரான அன்னி பெசன்ட் சுற்றிலும் நிலம் சேர்த்து, அதை ஏறக்குறைய பத்து மடங்காக்கினார். அரசியலில் அவ்வளவு அலைந்தவருக்கு இதற்கும் நேரம் இருந்திருக்கிறது!

ராதா பர்னியர் 1980 முதல் 2013-ல் மறையும் வரை தலைவராக இருந்தார். அவர் காலத்தில்தான், 1989-ல், காற்றில் ஆலமரத்தின் தாய்மரம் சாய்ந்தது. இன்று நாம் பார்ப்பது விழுதுகள் ஊன்றி நிற்கும் மரங்களை. அந்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் மனை விலை எங்கேயோ போய்விட்டது. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய இவ்வளவு பெரிய நிலம், அடுக்குமாடிகள் எழாமல் தோட்டமாகவே இருக்கிறதென்றால், அது தானாக நடந்ததல்ல.

சபைத் தலைவரை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை உலகெங்கும் உள்ள உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014-ல் வந்த டிம் பாய்டு அமெரிக்கர். சரி, அது அவர்கள் விதி. ஆனால் தோட்டத்தின் காற்றை வாங்குவது சென்னைக்காரர்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக அழைத்து, அங்கே வேலை செய்யும் தோட்டக்காரர்களைக் கொண்டே மரங்களை அறிமுகம் செய்து வைக்க நிர்வாகம் முன்வர வேண்டும்.

— ஒரு வாசகர், பெசன்ட் நகர், சென்னை