பெட்டியில் 150, டயரில் 29: உங்கள் காற்றடிக்கும் மெஷின் பற்றிப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 12 வோல்ட் டயர் கம்ப்ரஸரின் கேஜ் (காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) தவறாகக் காட்டுவது, வாரண்டி மறுத்தது, பணத்தைத் திருப்பிக் கேட்பது

வணக்கம்.

பில், பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், வீடியோ எல்லாம் இந்த மெயிலோடு இணைத்திருக்கிறேன். உங்கள் சாட்டில் ஒவ்வொரு தடவையும் புது ஆள் வந்து முதலிலிருந்து கேட்கிறார், அதனால் இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற அந்த ரெடிமேட் வரி மட்டும் வேண்டாம்.

நாங்கள் இருப்பது வள்ளியூர் பக்கம். பெட்ரோல் பங்க் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, அங்கே காற்று இலவசம்தான், ஆனால் மெஷின் ஓடுகிற நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. அதுகூடப் பெரிய விஷயமில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எங்கள் காருக்கு 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) என்று போட்டிருக்கிறது, அந்த 33 டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. பங்க் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாலே டயர் சூடேறி உள்ளே அழுத்தம் கூடிவிடும், வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், அந்தச் சூட்டில் 33 என்று பார்த்து அடித்துவிட்டு வந்தால் மறுநாள் காலையில் குறைந்துதான் இருக்கும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் வாசலிலேயே பார்த்து அடிக்க வேண்டும், அதற்காகத்தான் வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கினோம். சரியான அளவு தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் காரணம். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

வாங்கும் முன் எல்லா வகையையும் பார்த்தேன். கால் பம்ப் விலை குறைவு, ரிப்பேரும் அதிகம் வராது, ஆனால் என் மாமனாருக்கு முழங்கால் வலி, நான் ஊரில் இல்லாத நாளில் அவரும் அடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். சார்ஜ் போடுகிற வகை கைக்கு அடக்கமாக இருக்கிறது, ஆனால் சார்ஜ் இறங்கி டிக்கியில் கிடந்தால் ராத்திரி ரோட்டில் பங்க்சர் ஆகும்போது உதவாது, தவிர எங்கள் ஊர் வெயிலில் நிற்கிற காருக்குள் லித்தியம் பேட்டரியை வைத்துப் பூட்டவும் மனம் வரவில்லை. டேங்க் வைத்த 230 வோல்ட் கம்ப்ரஸர் ஒரு காருக்கு அதிகம், கூடவே எடுத்துப் போகவும் முடியாது. அதனால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற 12 வோல்ட் மெஷின் என்று முடிவு செய்தேன், அந்த முடிவு சரியானதுதான் என்று இப்போதும் சொல்வேன். கோளாறு நீங்கள் விற்ற பொருளில்.

உங்கள் பெட்டியின் முன்பக்கம் முழுக்க "150 பிஎஸ்ஐ" என்று இருக்கிறது. கார் டயருக்கு வேண்டியது 30லிருந்து 36க்குள். 150 யாருக்கு வேண்டும்? கார் வைத்திருப்பவருக்குத் தெரிய வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றைத் தள்ளும் என்பது. எங்கள் மாதிரி ஹேட்ச்பேக் டயரின் உள்ளே 25லிருந்து 30 லிட்டர் வரை இடம் இருக்கும், முழுக்க இறங்கிய டயரை 33க்குக் கொண்டுவரச் சுமார் 60 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 35 லிட்டர் தள்ளும் மெஷினுக்கும் 15 லிட்டர் தள்ளும் மெஷினுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அழுத்தம் ஏற ஏற இரண்டுமே இன்னும் மெதுவாகும். அந்த எண் உங்கள் பெட்டியிலும் இல்லை, வெப்சைட்டிலும் இல்லை. எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதும் இல்லை. 120 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும், 180 வாட் என்றால் 15. நிறைய காரில் அந்த சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ்தான். வாங்குகிறவர் தன் காரின் ஃபியூஸோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?

அப்புறம் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது. அது பெட்டிக்குள்ளே மடித்து வைத்த தாளின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. 8 நிமிடம் ஓட்டினால் 20 நிமிடம் நிறுத்த வேண்டுமாம். பெட்டி மேலே என்ன எழுதியிருக்கிறீர்கள்? "நான்கு டயரும் ஒரே மூச்சில்". இந்த இரண்டில் எது உண்மை?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கேஜ். உங்கள் டிஸ்ப்ளேயில் 33 என்று செட் செய்தால் மெஷின் ஓடி தானாக நின்றுவிடுகிறது, திரையில் 33 என்று பளிச்சென்று தெரிகிறது. எங்கள் தெரு முனை பங்க்சர் கடை அண்ணாச்சி தற்செயலாகத் தன் கேஜை வைத்துப் பார்த்தபோது 29. அவர் கேஜ்தான் பழசு என்று நினைத்து நான் தனியாக டயல் கேஜ் ஒன்று வாங்கினேன், அதிலும் 29. காலையில், வண்டியை நகர்த்தாமல், நான்கு டயரிலும் வைத்துப் பார்த்ததுதான் நீங்கள் பார்க்கப் போகிற வீடியோ. பங்க் மெஷினும் உங்கள் டிஸ்ப்ளேயைவிடக் குறைவாகத்தான் காட்டியது. மற்ற மூன்றும் ஒத்துப்போகின்றன, உங்களுடையது மட்டும் 4 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டுகிறது. ஓடும்போது குழாயில் அழுத்தம் கூடுதலாகத் தெரியும் என்று உங்கள் ஆள் சாட்டில் விளக்கினார். அது எனக்கும் தெரியும். நான் சொல்வது மெஷின் நின்ற பிறகு காட்டும் எண்ணை.

போதாக்குறைக்கு உங்கள் பித்தளை முனை வால்வில் திருகி மாட்டுகிற வகை. கழற்ற ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும், முதல் இரண்டு சுற்று போனதுமே வால்வு ஊசி இன்னும் அமுங்கியே இருக்க ஓரமாக 'ஸ்ஸ்' என்று காற்று போக ஆரம்பித்துவிடும், கடைசிச் சுற்று வரை அது நிற்பதில்லை. ஓடி முடித்த சூட்டில் அந்தப் பித்தளை விரலைச் சுடுகிறது, வேகமாகக் கழற்றவும் முடியாது. நெம்புகோல் வைத்த கிளிப் முனை என்றால் ஒரு தட்டில் வந்துவிடும். இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

4 பிஎஸ்ஐ தானே என்று உங்கள் ஆள் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி விரியும், அதில் சூடு ஏறும். நாங்கள் வீட்டாரை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போவது நான்குவழிச் சாலையில், நல்ல வெயிலில், மற்ற வண்டிகளின் வேகத்துக்குச் சமமாக. அந்தச் சூட்டில்தான் டயர் வெடிக்கிறது. உங்கள் திரையில் 33 என்று பார்த்துவிட்டு நிம்மதியாக வண்டியில் உட்காருகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கேஜே இல்லாத மெஷினை விற்றிருந்தால்கூட நாங்கள் கேஜ் தனியாக வாங்கியிருப்போம். தப்பாகக் காட்டுகிற கேஜ் அதைவிட மோசம், ஏனென்றால் அதைப் பார்த்த பிறகு யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

வாரண்டி கேட்டதற்கு "தொடர்ச்சியாக இயக்கியதால் ஏற்பட்ட பழுது, வாரண்டியில் வராது" என்று பதில் வந்தது. மெஷினை நீங்கள் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை! மோட்டார் இன்றும் ஓடுகிறது, நான் புகார் செய்தது கேஜைப் பற்றி. வேண்டுமானால் என் செலவில் கூரியர் அனுப்பச் சொல்கிறீர்கள், சோதித்த பிறகு முடிவு சொல்வீர்களாம். தவறான பொருளை விற்றவர் தன் செலவில் எடுத்துக்கொண்டு போவதுதானே முறை?

எனக்கு வேண்டியது இவைதான். முழுப் பணமும் வேண்டும், மாற்று மெஷின் வேண்டாம், அதே கேஜோடு இன்னொன்று வந்து என்ன பயன். இதே மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் வேறொரு கேஜில் சரிபார்க்கச் சொல்லி மெசேஜ் அனுப்புங்கள், அவர்கள் நம்பர் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. இனி அச்சடிக்கும் பெட்டியின் வெளிப்பக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை ஆம்பியர், தொடர்ந்து எத்தனை நிமிடம், கேஜில் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதைத் தமிழிலும் படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ல் புகார் பதிவு செய்வேன், அதன் பிறகு திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான்.

மெஷின், குழாய், முனைகள், தாள் எல்லாம் பெட்டியோடு பத்திரமாக இருக்கின்றன. கூரியர் ஆளை அனுப்பும் முன் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள், காலை ஒன்பது மணிக்குள் என்றால் வீட்டில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வள்ளியூர்