பிழையான விடையை அழிக்க வேண்டாம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இந்தத் தவணையில் தரம் 4, தரம் 5 பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தவர்களில் சிலர் பாடசாலை வாசலில் என்னை மறித்துக் கேட்டீர்கள். ஒரு கணக்குக்கு மூன்று விடைகள் எழுதியிருக்கிறதே, அதில் இரண்டு பிழையாயிற்றே, ஆசிரியை ஏன் சிவப்பு மையால் வெட்டவில்லை என்று. ஒருவர் சற்றுக் காரமாகவே, "குத்துமதிப்பாக எழுதப் பழகுவதற்கா பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்?" என்றார். நியாயமான கேள்விதான். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த இரண்டு பிழை விடைகளும் தெரிந்துதான் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. ஊகித்துச் சரிபார்த்தல் என்ற முறையில் கேத்திரகணிதக் கணக்குகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். பிள்ளை உத்தேசமாக ஒரு விடையை வைத்துக்கொள்கிறது. கணக்கில் சொல்லியிருக்கும் எல்லாவற்றுக்கும் அது பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா, எவ்வளவால் என்று பார்த்து அடுத்த ஊகத்தைத் திருத்துகிறது. குத்துமதிப்புக்காரர் முதல் எண்ணோடு எழுந்து போய்விடுவார். இங்கே வேலை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். இரணைமடு வாய்க்காலில் மடை திறக்கிறவர் எடுத்த எடுப்பிலேயே சரியான அளவில் திறந்துவிடுவதில்லை. கொஞ்சம் திறந்து, கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று போய்ப் பார்த்து, வந்து கூட்டியோ குறைத்தோ விடுகிறார். அவரைக் குத்துமதிப்புக்காரர் என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். செவ்வக வடிவமான மிளகாய்ப் பாத்தி ஒன்றின் நீளம் அகலத்தைவிட 3 மீற்றர் கூட. அதன் சுற்றளவு 26 மீற்றர். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு?

முதலில் படம் கீற வேண்டும். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. படம் கீறாத பிள்ளை நீளத்தையும் அகலத்தையும் ஒரு தடவை கூட்டிவிட்டு அதுதான் சுற்றளவு என்று நிறுத்திவிடும். ஆரம்ப வகுப்புகளில் வழக்கமாக வருகிற பிழை அது. நான்கு பக்கமும் கண்முன்னே இருந்தால் அந்தப் பிழை தானாகப் போய்விடும். பிறகு ஒரு சிறிய அட்டவணை. அகலம் 4 என்று வைத்தால் நீளம் 7, சுற்றளவு 22. போதாது. அகலம் 6 என்றால் நீளம் 9, சுற்றளவு 30. கூடிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் 5, நீளம் 8, சுற்றளவு 26. சரி.

விடை வந்துவிட்டது என்று இங்கே கொப்பியை மூடினால் பாதிப் பாடம் போய்விடும். ஆசிரியை அடுத்துக் கேட்பது இது: அகலத்தில் 1 கூட்டினால் சுற்றளவு ஏன் ஒன்றால் கூடாமல் நான்கால் கூடுகிறது? அட்டவணையைப் பார்த்து, பிறகு படத்தைப் பார்த்து, அகலம் நீண்டால் நீளமும் கூடவே நீள்கிறது, எதிர்ப்பக்கங்களும் நீள்கின்றன, ஆகவே நான்கு பக்கமும் ஒவ்வொரு மீற்றர் கூடுகின்றன என்று பிள்ளை கண்டுபிடிக்கிறது. இதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு மூன்றாவது ஊகம் தேவையே இல்லை. 22க்கும் 26க்கும் 4 வித்தியாசம், ஆகவே அகலத்தை ஒன்று கூட்டினால் போதும் என்று நேரே போய்விடும். அதைக் கண்டுபிடிக்க உதவியது முதலில் எழுதிய பிழை விடைதான். அதை அழிறப்பரால் அழித்துவிட்டால் பிள்ளையிடம் ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

சில வீடுகளில் சாதாரண தரம் படிக்கிற அண்ணாவோ அக்காவோ உதவிக்கு வருகிறார்கள். அகலத்தை 'எக்ஸ்' என்று வைத்து இரண்டு வரியில் சமன்பாடு எழுதி விடையை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் சின்னவர் அதைப் பார்த்து எழுதுவதோடு சரி. சமன்பாட்டோடு எனக்குப் பகை இல்லை. மேல்வகுப்பில் அது எப்படியும் வரும். அப்போது அந்த 4 எங்கிருந்து வருகிறது என்று புரிவதற்கான கைப்பழக்கத்தைத்தான் இப்போது கொடுக்கிறோம்.

இது நேற்று வந்த புதுமை என்றும் நினைக்க வேண்டாம். ஏறத்தாழ கி.மு. 1550இல் எகிப்தில் ஆமெஸ் என்ற எழுத்தர் பப்பைரசுத் தாளில் எழுதிவைத்த கணக்குகளின் சுருள் லண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஓர் எண்ணோடு அதன் ஏழில் ஒரு பங்கைக் கூட்டினால் 19, அந்த எண் என்ன? எழுத்தர் 7 என்று ஊகிக்கிறார். 7உம் 1உம் 8. விடை பிழை என்று அவருக்குத் தெரியும். 8ஐ 19 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ அத்தனை மடங்கு 7ஐயும் பெருக்கி விடையைப் பிடிக்கிறார். பிழையான எண்ணே அவருக்கு ஏணியாகிறது. அண்மைக் காலத்தில், 1887இல் ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜோர்ஜ் பொல்யா, மாணவர்களுக்கு ஊகிக்கவும் கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

கேத்திரகணிதத்தில் இந்த முறைக்குத் தனி ருசி உண்டு. ஊகத்தை எண்ணால் மட்டுமல்ல, கையாலும் சரிபார்க்கலாம். சிலவேளை சரிபார்த்தே ஆக வேண்டும். தரம் 5இல் கொடுக்கிற ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு முக்கோணியில் இரண்டு பக்கங்கள் சமம். மூன்றாவது பக்கம் அவற்றைவிட 4 சென்ரிமீற்றர் நீளம். மூன்றையும் கூட்டினால் 16 சென்ரிமீற்றர். பக்கங்கள் எவை? 3, 3, 7 என்று வைத்தால் 13, குறைவு. 5, 5, 9 என்றால் 19, கூட. 4, 4, 8 என்றால் சரியாக 16. பிள்ளைகள் கையை உயர்த்துவார்கள். அப்போது ஆசிரியை தென்னோலை ஈர்க்கை எடுத்துக் கொடுத்து, அந்த அளவுகளில் முறித்து முக்கோணியை வைத்துக் காட்டச் சொல்வார். 8 சென்ரிமீற்றர் ஈர்க்கு மேசையில் கிடக்கும். இரண்டு 4 சென்ரிமீற்றர் ஈர்க்குகளையும் இரு முனைகளிலிருந்தும் மேலே தூக்கினால் ஒன்றையொன்று எட்டாது. எட்ட வைத்தால் நீளமான ஈர்க்கின் மேலேயே படுத்துவிடும். முக்கோணி எழும்பாது. கூட்டல் சரி, உருவம் இல்லை! இரண்டு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவதைவிடக் கூடுதலாக வரவேண்டும் என்ற விதியை அதற்குப் பிறகு சொன்னால் அதைப் பாடமாக்க வேண்டிய தேவை யாருக்கும் இருப்பதில்லை. அதே 16 சென்ரிமீற்றரில் மூன்றாவது பக்கம் 1 சென்ரிமீற்றர் மட்டும் நீளம் என்று மாற்றினால் 5, 5, 6 வரும். அது நன்றாக எழும்பி நிற்கும். ஈர்க்குக்கு இங்கே பஞ்சமில்லை. வீட்டிலும் செய்து பாருங்கள்.

அப்பாமார் விரும்பக்கூடிய கணக்கு ஒன்றும் இருக்கிறது. கோழிக்கூடு அடைக்க 24 மீற்றர் கம்பிவலை இருக்கிறது. செவ்வகமாக அடைக்க வேண்டும். உள்ளே 32 சதுர மீற்றர் இடம் வரவேண்டும். நீள அகலம் என்ன? நீளமும் அகலமும் சேர்ந்து 12 என்பது சீக்கிரமே பிடிபடும். 6க்கு 6 வைத்தால் 36 சதுர மீற்றர். 7க்கு 5 வைத்தால் 35. 8க்கு 4 வைத்தால் 32. விடை கிடைத்தாயிற்று. ஆனாலும் பிள்ளைகள் நிறுத்த மாட்டார்கள். 9க்கு 3 வைத்தால் 27, 10க்கு 2 வைத்தால் 20, 11க்கு 1 வைத்தால் வெறும் 11. வலை அதே 24 மீற்றர்தான், இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே போகிறது. சதுரக் கட்டம் போட்ட தாளில் கீறிப் பார்த்தால் கண்ணாலேயே தெரியும். வேலி அடைத்துப் பழகியவர்கள் தங்கள் அனுபவத்தையும் இந்த இடத்தில் பிள்ளையோடு பேசலாம்.

சில கணக்குகளில் பிள்ளை இரண்டு எண்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். மிளகாய்ப் பாத்திக் கணக்கில் சுற்றளவை 20 மீற்றர் என்று மாற்றிப் பாருங்கள். அகலம் 3 என்றால் 18, 4 என்றால் 22. நடுவில் எண்ணே இல்லை என்று பிள்ளை சோர்ந்து உட்காரும். அளவு நாடாவை எடுத்து மூன்றுக்கும் நான்குக்கும் நடுவைக் காட்டினால் போதும். மூன்றரை என்று அதுவே சொல்லிவிடும்.

எல்லாவற்றுக்கும் ஊகம் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீளம் 7, அகலம் 4, பரப்பளவு என்ன என்று கேட்டால் பெருக்குவதுதான் வேலை. அங்கே உட்கார்ந்து ஊகித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியவில்லை என்றுதான் அர்த்தம். வாய்ப்பாடு கட்டாயம் வேண்டும். அதில் சலுகை இல்லை. பெருக்கலும் கூட்டலும் தடுமாறினால் ஊகத்தைச் சரிபார்க்கவே முடியாது.

புலமைப்பரிசில் பரீட்சையில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று தரம் 5 பெற்றோர் கேட்பீர்கள். பல்தேர்வு வினாக்களில் ஊகங்களை வினாத்தாளே எழுதிக் கொடுத்துவிடுகிறது. அவற்றைக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். கொடுத்த விடைகள் சிறிதிலிருந்து பெரிதாக இருந்தால் நடுவில் உள்ளதை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம். அது கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று தெரிந்தால் ஒரு பக்கத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம். நிதானமாகப் பழகிய பிள்ளைக்கு வேகம் பின்னால் வரும். மாதிரி வினாத்தாள்களைக் கட்டுக் கட்டாகச் செய்விப்பதால் வேகம் வருவதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்களில் பலர், "எனக்கே கணக்கு வராது, நான் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்கிறீர்கள். 2008, 2009இல் பாடசாலை வயதில் இருந்தவர்கள் நம் பெற்றோரில் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வகுப்பறை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்காக யாரும் கூசி ஒதுங்க வேண்டியதில்லை. அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளைகளின் வீடுகளுக்கும் இதையே சொல்கிறேன். இந்த முறையில் பெரியவர்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நினைக்கிறாய், எவ்வளவு இருக்கும்?" என்று கேளுங்கள். சொன்னதும், "சரி பார்த்தாயா? கூடவா, குறைவா?" என்று கேளுங்கள். பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். பிறகு, "அப்படியென்றால் அடுத்து எதை வைப்பாய், ஏன்?" அந்த 'ஏன்' முக்கியம். நினைத்தபடி எண்ணை மாற்றிக்கொண்டே போகும் பிள்ளை அதில்தான் நிதானித்து நிற்கும். பிள்ளை மௌனமாக இருந்தால் அவசரப்பட்டு எண்ணை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். "பிழை" என்று உடனே சொல்லவும் வேண்டாம். அதற்குப் பதிலாகப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது சிறிதுதான். கணிதத்துக்குச் சதுரக் கட்டம் போட்ட கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாங்க வசதியில்லாத பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியையிடம் சொன்னால் போதும். காரணம் கேட்க மாட்டார். தையல் நாடா இருந்தால் பிள்ளையிடம் சற்று நேரம் கொடுங்கள், கதவையும் மேசையையும் முற்றத்தையும் அளக்கட்டும். அளப்பதற்கு முன் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வையுங்கள். அழிறப்பரைக் கணிதம் செய்யும் நேரத்தில் மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.

இந்த வார இறுதிக்கு ஒரு கணக்கு: வீட்டுத் தோட்டத்தில் செவ்வகப் பாத்தி ஒன்று. சுற்றளவு 30 மீற்றர், பரப்பளவு 54 சதுர மீற்றர். நீளம், அகலம் எவ்வளவு? விடையை இங்கே எழுதவில்லை. பிள்ளையோடு பெரியவர் ஒருவரும் சேர்ந்து செய்து, வைத்துப் பார்த்த எல்லா எண்களையும் அழிக்காமல் கொப்பியில் எழுதித் திங்கட்கிழமை அனுப்புங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்தக் கொப்பிகளை மேசையில் விரித்து வைப்போம். வயல் வேலையால் வரமுடியாதவர்கள் காலைக் கூட்டம் முடிந்த பின் எந்த நாளிலும் வந்து என்னைச் சந்திக்கலாம்.

இப்படிக்கு,
அதிபர்