தேவசித்தம் என்று நீ எழுதியிருந்தாய்

தரங்கம்பாடி,
ஞாயிறு மாலை.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. தொலைபேசியில் நீ இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிறாய் என்பதாலும், மனத்தில் உள்ளதைப் பேச்சில் எடுத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்கும் கிடையாது என்பதாலும், பழைய வழக்கப்படி தாளில் எழுதுகிறேன்.

சி.ஏ. என்ற பட்டயக் கணக்காளர் படிப்பின் இறுதித் தேர்வில் முதல் குரூப் இரண்டாம் முறையும் கைநழுவிப் போனதையும், எல்லாத் தாள்களிலும் 40-ஐத் தாண்டியிருந்தும் மொத்தத்தில் 150 வரவேண்டிய இடத்தில் 143 மட்டுமே வந்ததையும் நீ அனுப்பிய செய்தியில் படித்து வருத்தப்பட்டேன். ஆயினும் அன்றிரவு என் தூக்கத்தைக் கெடுத்தது அதற்கடுத்து நீ எழுதியிருந்த வரி. மே மாதத் தேர்வுக்குப் பணம் கட்டவில்லை, இது எனக்குத் தேவசித்தம் இல்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய்.

அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும், தம்பி. பல ஆண்டுகள் நானே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். நீ பிறப்பதற்கு முன்பு, நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பதவி உயர்வுக்காக ஆண்டுதோறும் ஒரு துறைத் தேர்வு நடக்கும். முதல் முறை எழுதித் தோற்றேன். தோற்றவர்களின் பட்டியலை எங்கள் மேலதிகாரி எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். என் பெயர் வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இவ்வளவுதான் நடந்தது. இதற்காக அடுத்த ஆறு ஆண்டுகள் நான் விண்ணப்பமே போடவில்லை. அம்மாவிடமும், ஜெபக்கூட்டத்திலும், ஆண்டவர் அந்தக் கதவை அடைத்துவிட்டார் என்று சாட்சி சொல்வதுபோலச் சொன்னேன். கேட்டவர்கள் என் பொறுமையை மெச்சினார்கள். கதவை அடைத்தவன் நான். கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக என்ற, நம் லுத்தரன் சபை வரிசைப்படி இரண்டாம் கட்டளையைத் திடப்படுத்தல் வகுப்பில் நீ ஒப்பித்தபோது, பொய்யாணை இடுகிறவர்களைப்பற்றிய கட்டளை என்று உனக்கு விளக்கம் சொன்னேன். என் பயத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டியதும் அதே கட்டளைக்குள் வரும் என்பது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது.

எஜமான் ஊழியரிடம் ஒப்படைத்துப்போன பணத்தில் ஒரு தாலந்தை வாங்கியவனின் கதையை மத்தேயு 25-ஆம் அதிகாரத்திலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அவனைச் சோம்பேறி என்றே பிரசங்கங்களில் சொல்வார்கள். எஜமானும் அப்படித்தான் சொல்கிறான். ஆனால் அவன் தன் வாயால் சொல்லும் காரணம் வேறு. ‘நான் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்தேன்’ என்கிறான். அதற்கு முன்னே, நீர் கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன் என்கிறான். எஜமானைப்பற்றி அவன் மனத்தில் வைத்திருந்த அந்தக் கணக்குத்தான் மண்வெட்டியை எடுக்கவைத்தது. நான் அந்த ஆறு ஆண்டுகளும் கடவுளை எங்கள் மேலதிகாரியின் முகத்தோடுதான் கண்டேன். கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு என் பெயரை வாசிக்கப்போகிறவராக.

இதில் உனக்கு நாங்கள் செய்த தவறும் உண்டு. நீ ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையை உன் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தோம். கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்ற வசனம். அது இஸ்ரவேல் ஜனத்துக்கு மோசே சொன்னது என்பதையோ, உபாகமத்தின் அதே அதிகாரத்தில் கீழே நீளமாகச் சாபங்களும் வருகின்றன என்பதையோ நாங்கள் யோசிக்கவில்லை. முதல் ரேங்க் வாங்கினால் வாக்குத்தத்தம் நிறைவேறிற்று என்றோம். அப்படியானால் நான்காம் ரேங்க் வந்த மாதத்தில் அந்தப் பிள்ளை தன் தேவனைப்பற்றி என்ன நினைத்திருக்கும் என்று இப்போது எண்ணிப்பார்க்கிறேன். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று பவுல் எழுதிய வசனத்தையும் தேர்வுக்காலத்தில் உனக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் காவலில் கிடந்து அதை எழுதினார் என்பதையும், அதற்கு முந்தைய வசனம் ‘தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்’ என்று தொடங்குவதையும் சொல்லாமல் விட்டுவிட்டோம்.

சொல்லியிருக்கவேண்டியது இதுதான். நாற்பது நாள் குழந்தையாக, கழுத்து நிற்காத நிலையில், புதிய எருசலேம் ஆலயத்தில் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்போது நீ எதையும் எழுதிக் காட்டியிருக்கவில்லை. போதகர் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டபோது வீறிட்டு அழுததுதான் நீ செய்த ஒரே காரியம். உன்னைத் தம்முடையவன் என்று ஆண்டவர் ஏற்றுக்கொண்டது அங்கே முடிந்துபோன காரியம். 143-ஆல் அது குறையாது. நாளைக்கு 200 வந்தால் கூடவும் செய்யாது. கிருபையைப்பற்றி நம் சபையில் இவ்வளவு பேசுகிற நாம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

அதே ஆலயத்துக்குள் அடக்கம்பண்ணப்பட்டிருக்கும் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயரின் கதையையும் நான் உனக்குப் பாதிதான் சொன்னேன். ஜூலை 9-ஆம் தேதிதோறும் உன்னைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், 1706-இல் அவர் இங்கே கரையிறங்கியதையும் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதையும் பெருமையோடு சொன்னேன். கரையிறங்கி மூன்று ஆண்டுகூட ஆகுமுன்பே, அப்போது இந்த ஊரை ஆண்ட டேனிஷ் ஆளுநர் அவரைக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார். இலண்டனிலிருந்து அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. இயந்திரம் தப்பிவந்து சேர்ந்தது, கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக்கொண்டு அச்சிட்டால் இருக்கிற காகிதம் போதாதென்று சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முடிந்தது. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பில் ரூத் புத்தகம் வரைக்கும்தான் அவர் வந்தார். கோப்பன்ஹேகனில் மிஷன் பொறுப்பிலிருந்தவர், சீகன்பால்கு ஐயர் வேலை செய்யும் விதமே தவறு என்று கடிந்து கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்த நிலையில், 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் அவர் மரித்தார். பின்னால் வந்த சூல்ச் ஐயர் மீதி மொழிபெயர்ப்பை முடித்து 1728-இல் அச்சிட்டு நிறைவேற்றினார் என்பது நமக்குத் தெரியும். சீகன்பால்குக்கு அது தெரியாது. பாதியில் நிற்கும் கையெழுத்துப் பிரதியைத்தான் அவர் கண்டார்.

தோல்வியெல்லாம் பின்னால் வெற்றியாக மாறும் என்று உனக்கு ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாறாத தோல்விகளும் உண்டு; என்னுடையது மாறவில்லை, கடைசிவரை அதே நாற்காலியில் இருந்துதான் ஓய்வுபெற்றேன். ஆனால் அந்த மனிதர் ரூத்தின் கடைசி வரியை எழுதியபோது, இதை முடிப்போமா என்ற கேள்வியோடு உட்கார்ந்து எழுதினாரே தவிர, முடியாமற்போனால் என்ன சொல்வார்கள் என்று அதைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டவில்லை.

உன் விடைத்தாள்களின் நகலை வாங்கிவிட்டாய் என்றும், இன்னும் திறக்கவில்லை என்றும் தங்கை சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அதைத் திற. அந்த ஏழு மதிப்பெண் எந்தத் தாளில், எந்தக் கேள்வியில் போயிற்று என்று பார். பார்த்த பிறகு, இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம், வேறு வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். உன் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியின் அனுபவம் எங்கும் வீண்போகாது. ஆனால் தேவசித்தம் என்ற சொல்லை அதுவரைக்கும் எடுக்காதே. பயமாக இருக்கிறது என்று சொல். அதை என்னிடம் சொல்லலாம், ஜெபத்திலும் அப்படியே சொல்லலாம். நான் சொல்லத் தவறியது அதைத்தான்.

தனியாகத் திறக்க மனம் வரவில்லை என்றால், சனிக்கிழமை புறப்பட்டு வா. மாயவரத்தில் இறங்கினால் பேருந்து நிலையத்தில் நான் நிற்கிறேன். கணக்கில் எனக்கு ஒன்றும் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியும். வருவதானால் முந்தின நாளே சொல்லச்சொல்லி அம்மா சொல்கிறாள், காலையிலேயே கரைக்குப் போய் மீன் வாங்கவேண்டுமாம்.

உன் அப்பா.