ஈட்டனின் பூட்டிய இரவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் பழைய விடுதிப் பள்ளிகள் பற்றிய கட்டுரையில் கிரிக்கெட், லத்தீன் எல்லாம் இருந்தன. சரி, இரவுகளை விட்டுவிட்டீர்களே! 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஈட்டன் பள்ளியின் உதவித்தொகை மாணவர்களில் பெரும்பாலோரை ‘லாங் சேம்பர்’ என்ற நீண்ட அறையில் இரவு பூட்டிவிடுவார்கள். விடியும்வரை பெரிய பையன்கள் வைத்ததுதான் சட்டம். எலித் தொல்லை வேறு. சின்னப் பையன்கள் அவர்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும். ‘ஃபேகிங்’ என்று அதற்கொரு பெயர், பள்ளியின் சம்மதமும் உண்டு. பகலில் தலைமையாசிரியர் ஜான் கீட்டின் அடி. வாங்கியவர்களே பிற்காலத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டதுதான் எனக்கு விளங்கவில்லை.

1846இல் புதுக் கட்டடம் வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியது. 1861இல் ஈட்டன் உட்பட 9 பள்ளிகளை விசாரிக்க கிளாரெண்டன் ஆணையம் அமைந்தது. ஃபேகிங்கை ஒழிக்கும்படி அதுவும் சொல்லவில்லை.

– வாசகர், திருச்சி