கொள்ளி வைத்த கையில் ஒரு கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு பற்றி உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். உயரம் 170 செ.மீ., 24 நிமிடத்தில் 5 கி.மீ. ஓட்டம், மார்பளவு, வயது என்று எல்லாம் இருந்தன. பச்சை குத்தியவர்களுக்கான விதியை மட்டும் காணோம். அந்த விதி தெரியாததால் என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

நான் வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கத்துத் தையல்காரன். எங்களுக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். அவ்வளவு பேர் படைக்குப் போன ஊர். காக்கித் துணி தைத்தே பாதி ஆயுளைக் கழித்த என் வீட்டில், ஒரே மகனுக்கு அந்தச் சட்டை மீது ஆசை வந்ததில் வியப்பில்லை. 2024 முதல் அந்தத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்று அறிவித்தபோது அவனைவிட அவன் அம்மாவுக்குத்தான் மகிழ்ச்சி. அந்த ஆடியிலேயே சிறுநீரகக் கோளாறில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம் மகன் அவளுடைய மகளிர் குழு நோட்டைத் தேடி எடுத்தான். என் மனைவி பள்ளிக்கூடம் போனவள் அல்லள். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்க வகுப்பில் உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கற்றவள். பெயரின் கடைசி ‘ள்’ எழுத்துக்கு ஒருநாளும் புள்ளி வைக்கமாட்டாள். அந்தக் கையெழுத்தைப் படம் பிடித்துக்கொண்டு போய், அப்படியே வலது முன்கையின் உள்பக்கத்தில் பச்சை குத்திக்கொண்டு வந்தான். கடைக்காரர் புள்ளி விட்டுப்போயிற்று என்று வைக்கப் போனாராம். இவன் கையை இழுத்துக்கொண்டானாம். வலக்கை எதற்கடா என்று கேட்டேன். “கொள்ளி வைத்த கை இதுதானே அப்பா” என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். உறையிலிருந்து புது ஊசியைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். வெயில் படாமல் பார்த்துக்கொள், உரியும் தோலைப் பிய்க்காதே, ஓராண்டுக்கு ரத்த தானம் செய்யாதே என்பது வரை சொல்லி அனுப்பியிருக்கிறார். என்ன வேலைக்குப் படிக்கிறாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கூடவே இருந்த எனக்கும், மாதாமாதம் பணம் வாங்கிய பயிற்சி மையத்துக்கும் தோன்றாதது அவருக்கு மட்டும் எப்படித் தோன்றும்?

எழுத்துத் தேர்வில் தேறினான். இருபத்தொன்றரை நிமிடத்தில் ஓடி முடித்தான். மருத்துவப் பரிசோதனையில், வலக்கையில் பச்சை இருப்பதால் தகுதியில்லை என்று சீட்டு கொடுத்துவிட்டார்கள். மறுபரிசோதனையிலும் அதே பதில்.

பிறகுதான் ஒரு முன்னாள் படைவீரரை உட்கார வைத்து, ஆங்கிலத்தில் உள்ள விதியைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். தெய்வ உருவமோ பெயரோ இருக்கலாம். முன்கையின் உள்பக்கத்திலோ புறங்கையிலோ இருக்கலாம். அந்த உறுப்பில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். நானே டேப்பை எடுத்து அளந்தேன். நீளம் இரண்டேகால் அங்குலம், அகலம் முக்கால் அங்குலம். இதுவரை எல்லாம் சரி. ஆனால் முன்கை என்றால் இடக்கையாக மட்டுமே இருக்க வேண்டுமாம், வலக்கை சல்யூட் அடிக்கும் கை என்பதால். தரைப்படை விதியில் முன்கையின் உள்பக்கம், புறங்கை என்று இருக்கிறதே தவிர இடம், வலம் என்று பிரிக்கவில்லை என்றும் அவர் சொன்னார். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இரண்டுக்கும்தான் விண்ணப்பிக்கிறார்கள்.

என் தாயாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் கையிலும் பச்சை உண்டு. அகத்திக் கீரையும் மஞ்சளும் சேர்த்துச் சுட்ட கரியைக் குழைத்து, சந்தைக்கு வந்த குறத்தி குத்தியது. கோலத்துக்குக் கீழே, சின்ன வயதில் செத்துப்போன அவருடைய அண்ணன் பெயர். நகையெல்லாம் கழற்றிக்கொள்வார்கள், கூட வருவது இது ஒன்றுதான் என்பார். பேரனுக்கு வேலை இல்லை என்றானதும் தன் கையை நீட்டிப் பார்த்து, “என்னுடையதும் வலக்கைதான், எனக்கும் வேலை கிடையாதா?” என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தோம்.

விதியை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. படைக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கும். காலர் அரை விரல் ஏறினாலும் சட்டையைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்குத்தான் இத்தனை காலம் தைத்தேன். அந்த விதி பச்சை குத்தும் கடைச் சுவரிலும் பயிற்சி மையத்து வாசலிலும் தமிழில் இருந்திருக்கலாம் என்கிறேன்.

லேசரில் அழிக்கலாம் என்றார் தோல் மருத்துவர். ஒரே தடவையில் போகாது, ஒவ்வொரு தடவைக்கும் இடையில் ஆறு முதல் எட்டு வாரம் விட வேண்டுமாம். வயது வரம்பு 23, அவனுக்கு இப்போது 22. அழித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். முதலில் இடக்கையில் அதே கையெழுத்தைக் குத்திக்கொள்வானாம், அதன் பிறகுதான் வலக்கையில் அழிப்பானாம். குழு நோட்டு மறுபடியும் மேசை மேல் இருக்கிறது.

அடுத்த முறை இந்தத் தேர்வு பற்றி எழுதும்போது, உயரத்துக்கும் மார்பளவுக்கும் கீழே இதையும் சேர்த்து அச்சிடுங்கள்: “பச்சை குத்துவதாக இருந்தால் இடது முன்கையின் உள்பக்கம் அல்லது புறங்கை, கால் பங்குக்கும் குறைவாக, வலது முன்கையில் கூடாது.”

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்