மைக் ஓய்ந்த பிறகு வருவது

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்தல் நேரத்துப் பொய்ச் செய்திகள் என்றால் உடனே 2018 பிரேசில், 2016 பிலிப்பைன்ஸ் என்று எழுதுகிறார்கள். சரி, அதுவும் தெரிய வேண்டியதுதான். குமரி மாவட்டத்துக்கும் ஒரு முறை வந்து பாருங்கள்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டமும் ஊர்வலமும் கூடாது, டிவியிலும் பிரசாரம் கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு. 2024-இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு, கேரளத்துக்கு 26-இல். 17-ஆம் தேதி மாலையே இங்கே மைக் செட்டைக் கழற்றிவிட்டார்கள். எல்லையிலிருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், பிரசாரம் சூடுபிடித்துக் கிடந்தது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் மலையாள சேனல் ஓடாத வீடு குறைவு. இங்கே ஒரே கூட்டணியில் ஓட்டுக் கேட்ட காங்கிரசும் மார்க்சிஸ்டும் அங்கே ஒருவரையொருவர் வறுத்தெடுப்பதை எங்கள் அமைதிக் காலத்தில் உட்கார்ந்து பார்த்தோம்!

டிவியாவது பரவாயில்லை, பேசுவது யாரென்று தெரியும். வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. அன்பியக் குழு (கத்தோலிக்கப் பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்தது), கோயில் கமிட்டிக் குழு, குடும்பக் குழு என்று எல்லாவற்றிலும் ஒரே ஆடியோ வந்து விழும். வளைகுடாவில் இருக்கும் சொந்தக்காரர் நள்ளிரவில் அனுப்புவதை எந்தப் பறக்கும் படை போய்ப் பிடிக்கும்? வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளை வேட்புமனுவோடு காட்ட வேண்டும். அங்கே தரும் விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன்கூட்டியே சான்றும் வாங்க வேண்டும். நல்ல விதிகள்தான். மாமா அனுப்பும் ஃபார்வர்டு இந்தக் கணக்கிலேயே வராதே.

ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று 2018-இல் வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. பலமுறை கைமாறி வந்ததை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று 2020-இல் இன்னும் இறுக்கியது. வேலைவெட்டி இல்லாத நாலு பேர் உட்கார்ந்தால் இதெல்லாம் ஒரு தடையா?

இதில் மத விஷயம் கலக்கும்போதுதான் பயம் வருகிறது. 1982-இல் இதே மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்தபோது யார் கையிலும் செல்போன் இல்லை. அப்போதே வதந்தி எவ்வளவு வேகமாக ஓடியது என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

பத்திரிகைகள் ஒன்று செய்யலாம். அந்த இரண்டு நாளும் மாவட்டத்தில் சுற்றும் ஃபார்வர்டுகளைத் திரட்டி, எது பொய் என்று ஆட்சியர் அலுவலகத்திலும் சம்பந்தப்பட்டவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். விடியும்வரை காத்திருக்காமல், அன்று இரவே அதே வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி ஒரு படமாகவும் போடுங்கள். அப்புறம், முதல் பக்கம் முழுவதையும் செய்தி மாதிரியே அச்சடித்த கட்சி விளம்பரத்துக்குக் கொடுத்து, மூலையில் எறும்பு அளவுக்கு 'விளம்பரம்' என்று போடுகிறார்களே, அதை முதலில் நிறுத்த வேண்டும். மறுப்புச் செய்திக்கு அந்தப் பக்கத்தில்தான் இடம் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்