தம்பிக்கு: டென்ஷன் மேல் மட்டும் பழி போடாதே

அன்புள்ள தம்பி,

"ஈசிஜி நார்மல் அக்கா. எல்லாம் டென்ஷன்தானாம், ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள்" என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு விஷயத்தை முடித்துவிட்டாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கு மட்டும் எழுதினால் "அப்புறம் படிக்கிறேன்" என்று மூடிவைத்துவிடுவாய். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதினால் என்னதான் எழுதியிருக்கிறாள் என்றாவது பார்ப்பாய். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

முதலில் அந்த ஈசிஜி. நீ அசையாமல் படுத்திருந்த சில நொடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லும். இதயத்தின் ரத்தக் குழாயில் பாதி அடைப்பு இருப்பவர்களுக்கும் சும்மா படுத்திருக்கும்போது ஈசிஜி சுத்தமாக வரலாம். அதனால் அது அன்றைய நிலவரமே தவிர, அடுத்த பத்து வருஷத்துக்கான உத்தரவாதம் இல்லை. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபோது வயது 53. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால் இதய நோய் வந்திருந்தால் டாக்டர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். நீ அதை அங்கே சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

டென்ஷன் இதயத்தைப் பாதிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகவே பாதிக்கும். 1994 ஜனவரி 17 விடிகாலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு முந்தைய வாரம் அந்த மாவட்டத்தில் இதய நோயால் திடீரென்று இறந்தவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்து பேருக்குள்தான். அன்று ஒரே நாளில் 24 பேர். இடிபாட்டில் சிக்கியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. 2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, ஜெர்மனி அணி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறு என்று அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் மற்ற நாட்களைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். பந்தை உதைத்தது வேறு யாரோ. இவர்கள் உட்கார்ந்து பார்த்ததற்கே இந்தக் கதி.

உள்ளே நடப்பது இதுதான். பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் பாய்கிறது. துடிப்பு ஏறுகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, பிரஷர் எகிறுகிறது, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தயாராகின்றன, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு செய்கிற ஏற்பாடு இது. அடிபட்டால் ரத்தம் சீக்கிரம் உறைய வேண்டும் அல்லவா? நீயோ ஓடுவதும் இல்லை, சண்டை போடுவதும் இல்லை. மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

ஆனால் அந்த நிலநடுக்கக் கணக்கில் இன்னொரு விவரம் இருக்கிறது. அடுத்து வந்த நாட்களில் இதே வகை இறப்புகள் வழக்கத்தைவிடக் குறைந்துபோயின. ஏற்கெனவே குழாய் கெட்டு விளிம்பில் இருந்தவர்களை அந்த அதிர்ச்சி சில நாள் முன்னதாகக் கொண்டுபோய்விட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. விசையை இழுத்தது அதிர்ச்சி. தோட்டாவைப் போட்டுவைத்தது அதற்கு முந்தைய இருபது முப்பது வருஷம். என் கவலை அந்த வருஷங்களைப் பற்றியது. நீ இப்போது இருப்பது அங்கேதான்.

மெதுவாக அரிக்கிற டென்ஷனும் சும்மா இருப்பதில்லை. 1950களில் அமெரிக்காவில் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் கணக்காளர்கள் சிலருக்கு மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே வந்தார்கள். வருமான வரிக் கெடு நெருங்கும்போது கொலஸ்ட்ரால் ஏறியது, ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறைந்தது. கெடு முடிந்ததும் இறங்கியது. சாப்பாடோ நடையோ மாறியதால் வந்த ஏற்றம் என்று சொல்ல வழியில்லை. 2017இல் சுமார் 300 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு இன்னும் உள்ளே போனது. மூளையில் பயத்தைக் கவனிக்கிற அமிக்டலா யாருக்கு அதிகமாக வேலை செய்ததோ, அவர்களுக்கு ரத்த அணுக்களை உருவாக்குகிற எலும்பு மஜ்ஜையும் கூடுதலாக வேலை செய்தது, தமனி என்கிற ரத்தக் குழாயின் சுவரில் அழற்சியும் கூடியிருந்தது. பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் அவர்களுக்கே அதிகம் வந்தன. மனசு கனத்துப்போனால் குழாய்ச் சுவர் புண்படும் என்பது இனி வெறும் பேச்சு இல்லை.

பிறகு ஏன் டென்ஷன் மேல் பழி போடாதே என்கிறேன்? ஒரு பழைய கதை கேள். அதே ஃப்ரீட்மனும் ரோசன்மனும்தான் 'டைப் ஏ' என்ற பெயரையும் கொண்டுவந்தார்கள். எப்போதும் அவசரம், போட்டி, எரிச்சல் என்று அலைகிற ஆளுக்குத்தான் மாரடைப்பு வரும் என்பது அந்தக் கொள்கை. பிறகு வந்த பல ஆய்வுகளில் அது நிற்கவில்லை. சதா வன்மமும் கோபமுமாக இருக்கிற குணத்துக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் மிஞ்சியது. ஆனால் இந்த ஆராய்ச்சிக்குப் பல வருஷம் பணம் கொடுத்தவர்களில் சிகரெட் கம்பெனிகளும் உண்டு. ஏன் கொடுக்க மாட்டார்கள்? மாரடைப்புக்குக் காரணம் உன் குணம்தான் என்று ஆகிவிட்டால் சிகரெட் தப்பித்துவிடுமே. நீயும் உன் சிகரெட்டை அதே வழியில்தான் தப்பிக்க விடுகிறாய்.

52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2004இல் வந்தது. இன்டர்ஹார்ட் என்று பெயர், சலீம் யூசுஃப் தலைமையில் நடந்தது. முதல் மாரடைப்புகளில் சுமார் பத்தில் ஒன்பது பங்குக்கு ஒன்பது காரணங்களே போதும் என்று அது காட்டியது: புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுச் சுற்றளவு, மன அழுத்தம், காய் பழம் சாப்பிடாதது, உடற்பயிற்சி இல்லாதது, மது சம்பந்தப்பட்ட ஒன்று. டென்ஷன் பட்டியலில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மற்ற எட்டையும் தோளில் கைபோட்டுக் கூட்டிவருவதும் அதுதான். வேலை நெருக்கும் மாதத்தில் உன்னையே கவனித்துப் பார். சிகரெட் இரண்டு மடங்கு, நடை நின்றுபோகும், ராத்திரி பதினொன்றுக்குச் சாப்பாடு, ஒரு மணிக்குத் தூக்கம். மாதம் முடிந்ததும் நெருக்கடி போய்விடும், பழக்கம் தங்கிவிடும்.

சிகரெட் பற்றி அதிகம் பேச மாட்டேன், உனக்கே தெரியும். ஒன்று மட்டும். அதைப் பிடித்ததும் வருகிற நிம்மதி, போன சிகரெட்டின் நிகோட்டின் இறங்கியதால் வந்த தவிப்பு அடங்குகிற நிம்மதிதான். உன் மேனேஜரால் வந்த தவிப்பு அப்படியே இருக்கிறது. மனசு லேசானதாக நீ நினைக்கிற அந்த நிமிஷத்தில் நாடியும் பிரஷரும் ஏறிக்கொண்டிருக்கின்றன. விட்டால் பலன் சீக்கிரம் கிடைக்கும். ஒரு வருஷத்தில் சிகரெட்டால் கூடியிருந்த இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். இவ்வளவு வட்டி தருகிற வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

தூக்கம்தான் நீ அலட்சியமாக விடுகிற இடம். நன்றாகத் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் இறங்க வேண்டும். குழாய்களுக்குக் கிடைக்கிற ஒரே நீண்ட ஓய்வு அது. நீயோ போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது ஒவ்வொரு முறை அதிரும்போதும் ஒரு கண்ணைத் திறந்து யார் என்று பார்த்துவிட்டுப் படுக்கிறாய். பதில் போடவில்லை என்றாலும் உடம்பு விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதய நலத்துக்கான தன் அளவுகோல்களில் தூக்கத்தையும் சேர்த்துவிட்டது. பெரியவர்களுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம். இன்னொன்று, உன் குறட்டை. குறட்டை நடுவில் நின்று, மூச்சு முட்டி, திணறிக்கொண்டு திரும்ப வருகிறது என்று உன் மனைவி என்னிடம் சொன்னாள். அது சிரிக்கிற விஷயம் இல்லை. தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிற கோளாறாக இருக்கலாம்; மருந்துக்கு அடங்காத பிரஷருக்குப் பின்னால் பல பேருக்கு அது ஒளிந்திருக்கும். அதற்கென்று பரிசோதனை இருக்கிறது, செய்துகொள்.

உட்கார்ந்தே இருப்பதற்கு வருவோம். ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் எழுதினார். நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வண்டி ஓட்டுகிற டென்ஷன்தான் காரணமோ என்று நீ கேட்பாய். அதே ஆய்வில் தபால்துறையையும் பார்த்தார்கள். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்கள், மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். பிறகு பஸ் ஊழியர்களின் சீருடை அளவுகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறார் மனுஷன். ஓட்டுநர்களின் இடுப்பளவு முதலிலிருந்தே பெரிதாக இருந்ததாம். ஆக, காரணங்கள் அவ்வளவு சுலபமாகப் பிரிந்து வருவதில்லை. ஆனால் வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமாக நடப்பதற்கு எதிராக ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

உன் வேலையைப் பற்றியும் ஒன்று. பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் மாரடைப்பு என்று ஒரு நினைப்பு உண்டு. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வு அதைக் கவிழ்த்துப் போட்டது. கீழ்நிலை ஊழியர்கள்தான் அதிகம் இறந்தார்கள், மேலதிகாரிகளைப் போலப் பல மடங்கு. புகையும் பிரஷரும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. அடுத்த சுற்று ஆய்வில் வெளிப்பட்டது, தன் வேலையை எப்போது எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுகிறது என்பது. வேலைச் சுமையைவிட அந்தக் கையறு நிலைதான் ஆளைத் தின்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்கள், 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிட இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. வேலையை விடு என்று சொல்ல மாட்டேன், வீட்டுக் கடன் எனக்கும் தெரியும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அழைப்பு எடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிப் பார். அந்த நேரமாவது உன் கையில் இருக்கட்டும்.

உங்கள் ஆபீஸில் நடத்துகிற 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' வகுப்பில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்விலோ ஆதரவு இல்லாமலோ இருந்த சுமார் 2,500 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. மனநல சிகிச்சையால் மனசு தேறியது, ஆயுள் கூடவில்லை. மனசு தேறுவதே பெரிய விஷயம், அதற்காகவே சிகிச்சை எடுக்கலாம். ஆனால் அது பிரஷர் மாத்திரைக்கு மாற்று ஆகிவிடாது.

பிரஷர் என்றதும் நினைவுக்கு வருகிறது. போன தடவை நீ பார்த்த அழகு இருக்கிறதே! கட்டில் நுனியில் கால் தொங்க உட்கார்ந்து, முழுக்கைச் சட்டை மேலேயே பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றி, அது காற்றேறும்போது யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாய். பேசினாலே 10 புள்ளி வரை கூட்டிக் காட்டும். ஒழுங்காகச் செய்: அதற்கு முன் அரை மணி நேரம் காபியும் சிகரெட்டும் வேண்டாம். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார். வெறுங்கையில் பட்டை, கை மேஜை மேல் இதய உயரத்தில். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி போடு. 135க்கு 85 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போ. போகும்போது கொழுப்பு அளவையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்துவிடு. அப்பா விஷயத்தைச் சொல்.

கடைசியாக, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நெஞ்சு நடுவில் பாரமோ அழுத்தமோ சில நிமிஷத்துக்கு மேல் நின்றால், கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், மூச்சு வாங்கினால், "டென்ஷன்தான், போய்விடும்" என்று படுத்துவிடாதே. வாய்வு என்று மாத்திரை போட்டுக்கொண்டும் காத்திருக்காதே. பதற்றத்தில் வருகிற படபடப்பையும் மாரடைப்பையும் வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. நீயே வண்டியை எடுக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எனக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் கொஞ்சம் திட்டுவேன், அது எப்போதும் நடக்கிறதுதானே.

அன்புடன்,
அக்கா